அடிப்படை வருமானம் வந்தால் கொழுந்து பறிக்க ஆள் கிடைக்குமா?

கோத்தகிரி சிறுவிவசாயி:
ஒவ்வொருவருக்கும் நிபந்தனையின்றி மாதந்தோறும் அரசு பணம் தரும் அடிப்படை வருமானம் வேண்டும் என்று இங்கே பலரும் எழுதுவதால், நான் அதை எதிர்ப்பதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. பதினைந்து நாளுக்கொரு முறை பறிக்காவிட்டால் இலை முற்றிவிடும். முற்றிய இலைக்கு ஆலையில் விலையைக் குறைத்துவிடுவார்கள். சென்ற சுற்றில் ஆள் கிடைக்காமல் அரை ஏக்கர் அப்படியே நின்றது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருபவர்களை நம்பித்தான் இன்று நீலகிரியில் பல தோட்டங்கள் நடக்கின்றன. வீட்டில் இருந்தபடியே பணம் வருமானால், மழையிலும் பனியிலும் சரிவில் நின்று கொழுந்து கிள்ள யார் வருவார்கள்?

கூடலூர் ஆசிரியை:
ஐயா, உங்கள் சிரமத்தை நான் அறிவேன். எங்கள் குடும்பமே கொழுந்து பறித்து வளர்ந்த குடும்பம். என் சித்தி ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் சமயத்தில், தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குவார். அதற்குக் கட்டுப்பட்டு, அவர் காட்டும் தோட்டத்திற்கு, அவர் சொல்லும் கூலிக்கே போக வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியதும், முன்பணத்தைச் சிறிது சிறிதாக அடைத்தார். பிறகு புதிதாக வாங்கவில்லை. வேலையை அவர் விட்டுவிடவில்லை. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, அட்டை கடித்தால் வைக்க உப்பு முடிந்த துணியோடு இன்றும் காலையில் கிளம்புகிறார். எந்தத் தோட்டத்திற்குப் போவது என்பதை இப்போது அவரே முடிவு செய்கிறார் என்பதுதான் மாற்றம்.

மத்தியப் பிரதேசத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா, யுனிசெஃப் உதவியுடன், 2011-12இல் சில கிராமங்களில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும் நிபந்தனையின்றிக் கொடுத்துப் பார்த்தது. பின்னர் அது 300, 150 என உயர்ந்தது. அங்கே மக்கள் சோம்பிக் கிடக்கவில்லை. பலர் கூலி வேலையைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள்.

குன்னூர் ஓய்வூதியர்:
எவ்வளவு பணம் என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ஒருவருக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் என்று கணக்கிட்டு, மக்களில் 75 சதவீதத்தினருக்குக் கொடுத்தாலே நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.9 சதவீதம் செலவாகும் என்றது. மாதத்திற்கு 635 ரூபாய் வருகிறது. அதை வாங்கிக்கொண்டு யாரும் வேலையை விட மாட்டார்கள். வேலையை விடும் அளவுக்குக் கொடுக்க அரசிடம் பணம் இல்லை.

கோத்தகிரி சிறுவிவசாயி:
அம்மா, சொந்த நிலத்தில் உழைத்தார்கள் என்கிறீர்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லயன் வீட்டில் குடியிருப்பவருக்குச் சொந்த நிலம் ஏது? கூலி வேலையை விட்டால் அவர் வேறு எங்கே உழைப்பார்? அமெரிக்காவில் 1,000 பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் கொடுத்த சோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. பணம் பெற்றவர்கள் வாரத்திற்குச் சராசரியாக 1.3 மணி நேரம் குறைவாக வேலை செய்தார்கள். வேலையில் இருந்தவர்களின் விகிதமும் சுமார் இரண்டு சதவீதப் புள்ளி குறைந்தது. எனக்குச் சாதகமான இந்த முடிவை மறைத்துப் பேசக் கூடாது.

கூடலூர் ஆசிரியை:
மறைக்கவில்லை, ஐயா. குறைந்தது உண்மை. வாரத்திற்கு 1.3 மணி என்றால் நாளொன்றுக்குக் கால் மணி நேரத்திற்கும் குறைவு. காய்ச்சலோடு பறிக்கப் போய் மறுவாரம் முழுவதும் படுத்துவிடுகிற பெண்களைப் பார்த்தவள் என்பதால், அந்தக் குறைவை நான் நஷ்டமாகக் கருதவில்லை.

உழைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் நிபந்தனைதான் என்பது என் உறுதியான கருத்து. வேலை கிடைத்தால் உதவி நின்றுவிடும் என்றால் மனிதர் தயங்கத்தான் செய்வார். உரிமைத் தொகைக்கும் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு. பின்லாந்து 2017-18இல் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்து, வேலை கிடைத்த பிறகும் அதை நிறுத்தாமல் தொடர்ந்தது. 2017 நவம்பர் முதல் 2018 அக்டோபர் வரையிலான ஓராண்டில் அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஆறு நாள் அளவுக்குக் கூடுதலாகவே வேலை செய்தார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நிபந்தனையற்ற வருமானம் என்றால் அது உங்களுக்கும் வரும், உங்கள் மனைவிக்கும் வரும்.

கோத்தகிரி சிறுவிவசாயி:
பின்லாந்தில் பெற்றவர்கள் ஏற்கெனவே வேலையில்லாதவர்கள். வேலையில் இருப்பவர் என்ன செய்வார் என்பதற்கு அது விடையாகாது. ஆனால் எங்களுக்கும் வரும் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. வந்தால் பறிகூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க முடியும். பசுந்தேயிலைக்கு ஆலை தரும் விலையை நம்பி என்னால் இன்று அதைச் செய்ய முடியாது. ஆயினும் இரண்டு ஆண்டு கொடுத்துவிட்டு நிறுத்தினால், கூட்டிய கூலியை நான் எந்த முகத்தோடு குறைப்பேன்? அதற்கு விடை தெரியும்வரை நான் எதிர்ப்பக்கம்தான் நிற்கிறேன். பறிக்காமல் நின்ற அந்த அரை ஏக்கரை நேற்று நானும் மனைவியும் கவாத்துக் கத்தியால் வெட்டிச் சமன் செய்யத் தொடங்கியிருக்கிறோம். இன்னும் நான்கு வரிசை மிச்சம் இருக்கிறது.