பழைய பெட்ரோல் பிக்கப்பில் டீசல் இன்ஜின் மாற்றுவது: செய்யலாமா, எந்த இன்ஜின் பொருந்தும்?

மாதவரம் நாற்றங்கால்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா வாங்கிய, ஜீப் சேஸிஸில் பின்புறம் தொட்டி கட்டிய பழைய மஹிந்திரா பிக்கப் (சிறு சரக்கு வண்டி) ஒன்று எங்களிடம் இருக்கிறது. மாதவரத்தில் உள்ள எங்கள் நாற்றுப்பண்ணையிலிருந்து செடிகளையும் உர மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மாதம் சுமார் 600 கிலோமீட்டர் ஓடுகிறது. உள்ளே இருப்பது 134 கன அங்குல ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின். சுமையோடு லிட்டருக்கு 7 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது. மே மாத வெயிலில் பாடி மேம்பாலம் ஏறும்போது பெட்ரோல் குழாயில் ஆவி கட்டி வண்டி நின்றுவிடுகிறது; ஈரத்துணியைக் குழாயில் சுற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. இப்போது ஆயிலும் புகைகிறது. வண்டியை விற்க எனக்கு மனமில்லை. டீசல் இன்ஜின் மாற்றிவிட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆகும் என்றும் சொல்கிறார். இது சரியான முடிவுதானா? எந்த இன்ஜினைத் தேடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பாடி லேத் பட்டறை:

வணக்கம் ஐயா. முப்பது ஆண்டுகளாக இத்தகைய மாற்றங்களுக்கு இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் தட்டும் ஃபிளாஞ்சும் கடைந்து கொடுத்து வருகிறேன். இன்ஜினைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்து ஒன்றே: அந்தச் சேஸிஸ் குடும்பத்தில் கம்பெனியே எந்த டீசல் இன்ஜினைப் பொருத்தியதோ அதைத்தான் தேட வேண்டும். மஹிந்திரா ஜீப்களில் முதலில் இன்டர்நேஷனல் டீசலும் பிறகு பியூஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜினும் வந்தன. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) என்பதையே அந்த 4.90 குறிக்கிறது, கொள்ளளவு 2,112 சி.சி. இதற்கான மவுண்டிங், பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு), ரேடியேட்டர் எல்லாம் இன்றும் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். வேறு இன்ஜினைச் சற்று மலிவாக வாங்கிவிட்டு, பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் பட்டறைக்கு அலைந்தவர்கள் கடைசியில் இரட்டிப்பாகச் செலவழித்ததைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சக்தி கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எக்ஸ்.டி.பி. இன்ஜின் ஏறக்குறைய 62 குதிரைத்திறன் தருவது; உங்கள் பெட்ரோல் இன்ஜினைவிட அது அதிகமன்று. உங்களுக்குக் கிடைக்கப் போவது எரிபொருள் சிக்கனமும், ஆவி கட்டி நிற்காத நிம்மதியும்தான்.

மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடம். பழைய மூன்று கியர் டி-90 பெட்டியை வைத்துக்கொண்டு நடுவில் அடாப்டர் தட்டுப் போடுவதாக இருந்தால், ஃப்ளைவீலில் டயல் கேஜை (நுண்ணிய விலகலை ஊசியால் காட்டும் அளவி) பிடித்து, கையால் மெதுவாகச் சுற்றி, பெல் ஹவுசிங்கின் துளையில் ஊசி எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். ஊசி பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் நான் தட்டைக் கழற்றி மறுபடி கடைவேன். அந்த விலகல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆறே மாதத்தில் பைலட் புஷ் (கியர் பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் சிறு வளையம்) தேய்ந்து, கிளட்ச் நடுங்கி, கியர் தானாக நழுவும். அப்போது எல்லோரும் கியர் பாக்ஸைத்தான் குறை சொல்வார்கள்.

கிரவுன் பினியன் (அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி) விகிதத்தையும் எண்ணிப் பாருங்கள். பழைய ஜீப்களில் அடிக்கடி காணப்படும் 5.38 விகிதமும் 6.00-16 டயரும் உங்கள் வண்டியில் இருந்தால், டாப் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் மணிக்கு ஏறக்குறைய 76 கிலோமீட்டர்தான் வரும். ஊருக்குள் செடி ஏற்றிச் செல்ல அது தாராளம்.

ராயபுரம் வாசகர்:

நண்பரே, பட்டறைக்குப் போவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் எரிபொருள் பெட்ரோல் என்றும், இன்ஜின் எண் இன்னது என்றும் இருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு ஆர்.சி. விவரங்கள் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, எழுத்து மூலமே பதில் பெறுங்கள். வாய்வார்த்தையை நம்பி இறங்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் விபத்து நேரும் நாளில் இழப்பீடு கிடைப்பது கடினம்.

பழைய இன்ஜின் வாங்கும்போது பில் இல்லாமல் வாங்கவே கூடாது. இன்ஜின் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, அது பில்லில் உள்ள எண்ணோடும், அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகலோடும் ஒத்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண் இருக்கும் இடம் அரத்தால் தேய்த்தது போலப் பளபளத்தால் பேச்சை அதோடு நிறுத்திவிட்டு வந்துவிடுங்கள்.

போரூர் வண்டிக்காரர்:

நான் பத்து ஆண்டுகளுக்கு முன் இதே மாற்றத்தைச் செய்தவன். அனுமதி பெற்றுத்தான் செய்தேன். ஆனாலும் இரண்டு தவறுகள் நேர்ந்தன. என் வண்டியின் வைப்பர், இன்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தால் ஓடும் பழைய வகை. டீசல் இன்ஜினில் பெட்ரோலைப் போல திராட்டில் (உள்ளே போகும் காற்றை மட்டுப்படுத்தும் மூடி) இல்லாததால் அந்த உறிஞ்சல் கிடைக்காது என்பது எனக்கும் தெரியவில்லை, மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை. நவம்பர் மழையில், மதுரவாயல் பைபாஸில், எதிரே ஒன்றும் தெரியாமல் வைப்பர் நின்றுவிட்டது. தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓரம் கட்டினேன். உங்கள் வண்டியில் பிரேக் பூஸ்டரும் வேக்குவத்தில் இயங்குவதாக இருந்தால், ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்ப் உள்ள வகையை முதல் நாளிலேயே பொருத்துங்கள்; வைப்பருக்கு 12 வோல்ட் மோட்டார் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பழைய பெட்ரோல் தொட்டியை அப்படியே விட்டது. உள்ளிருந்த துருத் தூள் டீசலோடு வந்து ஃபில்டரை வாரம் ஒரு முறை அடைத்தது. தொட்டியைக் கழற்றிக் கழுவி, பம்பிலிருந்தும் இன்ஜெக்டரிலிருந்தும் மீதி டீசல் திரும்பி வரத் தனிக் குழாய் வைத்த பிறகுதான் வண்டி சீரானது. பழைய சின்ன பேட்டரியும் போதாது. ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கி, இருபதுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட அழுத்த விகிதத்தை எதிர்த்து இன்ஜினைச் சுற்ற, நல்ல 80 ஆம்பியர் பேட்டரி வேண்டும்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள் ஐயா. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, டீசலில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கிடைக்கிறதென்றால், மாதம் 600 கிலோமீட்டருக்கு உங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 3,500 ரூபாய். போட்ட பணம் திரும்ப நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்குவதற்கு முன் இருந்த விலை வித்தியாசத்தை மனத்தில் வைத்துத்தான் பலர் இன்னும் இந்த மாற்றத்தை லாபம் என்கிறார்கள். உங்கள் ஓட்டத்துக்கு, இருக்கிற பெட்ரோல் இன்ஜினையே ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து), பெட்ரோல் குழாயைச் சைலன்சர் சூட்டிலிருந்து தள்ளி வைத்து, வெப்பத்தடுப்பு சுற்றினாலே பாதிக் கவலை தீரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாதவரம் நாற்றங்கால்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எரிபொருள் பெட்ரோல் என்றுதான் இருக்கிறது. அலுவலகத்துக்கு விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொடுப்பேன். பதில் வரும்வரை இன்ஜின் வாங்கப் போவதில்லை. இதற்கிடையே போரூர் அண்ணன் சொன்னபடி பெட்ரோல் குழாயை இடம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். பாடி ஐயா, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்த பிறகு நான்கு சிலிண்டரின் அளவையும் இங்கேயே எழுதுகிறேன். ரீபோர் தாங்குமா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.