மறு: தலைமைத்துவ வளர்ச்சி – படிநிலையா, பருவமா, முதிர்நிலையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நாம் தமிழாக்கும் தலைமைத்துவக் கையேட்டில் ‘ஸ்டேஜ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘ஸ்டேஜ்’ என்பதற்குப் படிநிலை போதும். எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு பொருளில் புரிந்துவிடும். படிநிலை என்றதும் மனத்தில் வருவது ஆப்பரேட்டர், லைன் லீடர், சூப்பர்வைசர், மேனேஜர் என்ற ஏணிதான். சாதிப் படிநிலை, அதிகாரப் படிநிலை என்று எழுதியெழுதி அந்தச் சொல்லில் மேல் கீழ் என்பது ஒட்டிக்கொண்டுவிட்டது. நாம் தமிழாக்கும் கையேடோ, பதவி உயர்ந்தாலும் ஆள் வளராமல் இருக்கலாம் என்கிறது.

ஏணியைப் பற்றியே பேசும் கோட்பாடும் உண்டு. மேலாண்மை நூலாசிரியர்கள் ராம் சரண், ஸ்டீபன் ட்ராட்டர், ஜேம்ஸ் நோயல் மூவரும் 2001-இல் சொன்னது அது. தன் வேலையை மட்டும் பார்ப்பவர் நிறுவனத் தலைவராகும்வரை ஆறு திருப்பங்கள். ஒவ்வொன்றிலும் திறமை, நேரத்தைச் செலவிடும் விதம், எதை வேலை என்று மதிக்கிறோம் என்பது, மூன்றும் மாற வேண்டும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருந்தவர்களுக்கு முதல் திருப்பம் நன்றாகத் தெரியும். கைதேர்ந்த டெக்னீஷியனை சூப்பர்வைசர் ஆக்குவார்கள்; மெஷின் நின்றால் அவரே ஸ்பேனரோடு ஓடுவார், கீழே இருக்கும் நாலு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். இந்த ஆறையும் ‘பதவித் திருப்பம்’ எனலாம். ‘படி’ என்றாலும் எனக்குச் சண்டையில்லை.

கையேட்டின் மூன்றாம் பகுதி வேறு விஷயம். டேவிட் ரூக், வில்லியம் டார்பர்ட் இருவரும் 2005-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய ஏழு வகைகள் அதில் வருகின்றன. அவை பதவிகள் அல்ல. சுற்றி நடப்பதை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார், தன் அதிகாரத்துக்குச் சவால் வந்தால் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துப் பிரித்தவை. அறிவையும் தர்க்கத்தையும் வைத்தே ஜெயிக்கப் பார்க்கும் ‘நிபுணர்’ அவர்கள் கணக்கில் 38 விழுக்காடு. ‘ஸ்ட்ராட்டஜிஸ்ட்’ என்பதற்கு நான் வைத்த ‘வியூகர்’ வெறும் 4. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் நிபுணராகவே இருந்துவிடலாம். இதற்குத்தான் ‘முதிர்நிலை’ என்கிறேன். முதிர்வது வயதைக் குறிக்காதா என்று கேட்பீர்கள். முதிர்ச்சியில்லாத பேச்சு என்று இருபது வயதுக்காரரையும் சொல்கிறோம், அறுபது வயதுக்காரரையும் சொல்கிறோமே.

> பருவம் என்றால் அழகாக இருக்கும். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் இருக்கிறதே.

அழகுதான் அக்கா. ஆனால் செங்கீரை, தால், சப்பாணி எல்லாம் மாதக் கணக்கில் குழந்தைக்குத் தானாக வந்துவிடும். இது அப்படி வராது. 55 வயதில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் எடுக்கும்வரை ஒரே இடத்தில் நிற்பவரும் உண்டு.

‘கட்டம்’ சரிவராததற்குக் காரணம் சின்னது. ஆளுக்கும் வேலைக்கும் ஏற்பத் தலைவர் தன் பாணியை மாற்ற வேண்டும் என்பது ஹெர்சி–பிளாஞ்சர்ட் கோட்பாடு; அதன் வரைபடத்தில் நிஜமாகவே நாலு கட்டம் போட்டிருக்கிறது. இரண்டாம் கட்டம் என்று எழுதினால் கண் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். ஒரு குழு உருவாகிச் செயல்படுவதை டக்மன் 1965-இல் நாலாகப் பிரித்தாரே, அதற்குக் கட்டம் பொருந்தும். அங்கேயே இருக்கட்டும்.

ரூக்–டார்பர்ட்டின் ஏழு பெயர்களில் அதிகம் தொல்லை கொடுத்தது ‘டிப்ளமேட்’. அகராதியைத் திறந்தால் தூதர், அரசதந்திரி. இந்த ஆளோ மோதலைக் கண்டால் ஒதுங்குபவர், மேலதிகாரியின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்பவர், வேலை சரியில்லை என்று கீழே இருப்பவரிடம் சொல்லத் தயங்குபவர். ‘அனுசரிப்பவர்’ என்று வையுங்கள். “அனுசரிச்சுப் போப்பா” என்று கேட்காமல் வளர்ந்த தமிழர் கோலாலம்பூரில் யார்? பாராட்டாகவும் ஒலிக்கிறது, குறையும் உள்ளே தெரிகிறது, மூலத்திலும் அப்படித்தான். ‘ஆப்பர்ச்சூனிஸ்ட்’ சந்தர்ப்பவாதியாகவே இருக்கட்டும், கட்சி தாவியவர்கள் நினைவுக்கு வந்தாலும் பொருள் தப்பில்லை. ‘ஆல்கெமிஸ்ட்’ ரசவாதிதான். கொஞ்சம் சித்தர் வாசனை வரட்டுமே.

அப்புறம், தமிழகத்திலிருந்து வந்த கலைச்சொல் பட்டியலில் சூப்பர்வைசருக்குக் ‘கண்காணிப்பாளர்’ என்று இருக்கிறது. இங்கே மலேசியாவில் அது வேண்டாம். மலாயாவுக்கு ஆள் திரட்டி அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது, ஆனால் அப்படி ஆள் திரட்டி வந்து வேலை வாங்கியவரைக் குறித்த கங்காணி என்ற சொல் தோட்டத்து வீடுகளின் காதை விட்டுப் போகவில்லை. மேற்பார்வையாளர் போதும்.

——

பினாங்கிலிருந்து மறுமொழி:

வணக்கம் தம்பி. பருவத்தை விட்டுத்தருகிறேன். அனுசரிப்பவரை உடனே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் முதிர்நிலையை எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். ஹெர்சியும் பிளாஞ்சர்டும் 1969-இல் தொடங்கியபோது ‘மெச்சூரிட்டி’ என்றுதான் வைத்தார்கள். பிறகு ஹெர்சி அதை ‘ரெடினஸ்’ ஆக்கினார், பிளாஞ்சர்ட் ‘டெவலப்மெண்ட்’ ஆக்கினார். அவர்கள் அளப்பது ஆளை அல்ல, ஒரு குறிப்பிட்ட வேலையில் அந்த ஆளை. சால்டரிங்கை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போகலாம். ஷிப்ட் ரிப்போர்ட் எழுதப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். இரண்டும் ஒரே ஆள்தான். அவரிடம் போய் “உங்கள் முதிர்நிலை குறைவு” என்றால் மறுநாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துவிடுவார்.

கையேட்டில் ஹெர்சி–பிளாஞ்சர்ட் வரும் பகுதிக்கு மட்டும் ‘ஆயத்தநிலை’ என்று வைப்போம். “ரிப்போர்ட் எழுதுவதில் அவர் இன்னும் முதல் ஆயத்தநிலையில் இருக்கிறார்” என்றால் யாருக்கும் கோபம் வராது, என்ன சொல்லித்தர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

‘வியூகர்’ மட்டும் எனக்கு வாயில் நுழையவில்லை. ‘தொலைநோக்கர்’ சரியா?