ஸ்டீம் டெக்குக்குத் தனி டிஏசி வாங்க வேண்டுமா, இயர்போனை மாற்றினால் போதுமா?

புறநகர்ப்பயணி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். ஓராண்டாக ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் ஓலெட் மாதிரியைப் பயன்படுத்தி வருகிறேன். வேலைக்காக நாள்தோறும் செங்கல்பட்டிலிருந்து எழும்பூர் வரை மின்ரயிலில் சென்று திரும்புகிறேன். ஏறும் இடத்திலேயே உட்கார இடம் கிடைத்துவிடுவதால் காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விளையாட முடிகிறது. இரவில் பிள்ளைகள் உறங்கிய பிறகு வீட்டில் இன்னொரு மணி நேரம் கிடைக்கும்.

என்னிடம் மூன்று கருவிகள் உள்ளன. முதலாவது ப்ளூடூத் இயர்பட்ஸ். பாட்டுக்கும் படத்துக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் விளையாட்டில் வாளை வீசி, எதிரி விழுந்த பிறகுதான் வெட்டும் ஓசை வந்து சேர்கிறது. இரண்டாவது, காதுக்குள் பொருந்தும், 16 ஓம் மின்தடை கொண்ட கம்பி இயர்போன். அதில் தாமதம் இல்லை; ஆனால் காட்சி அமைதியாகும்போது பின்னணியில் மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் தொடர்ந்து கேட்கிறது. மூன்றாவது, மாமா பரிசாகத் தந்த சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன். அதை டெக்கில் நேரடியாகச் செருகினால் பாடல்கள் போதுமான அளவு ஒலிக்கின்றன. விளையாட்டைத் திறந்தால் ஒலியளவை முழுதாக ஏற்றிய பிறகும் ஏதோ குறைவது போலவே இருக்கிறது.

தீப்பெட்டி அளவில் வரும், 4.4 மி.மீ. துளை கொண்ட டிஏசி ஆம்ப் (எண்வடிவ ஒலியை மின்துடிப்பாக மாற்றிப் பெருக்கும் கருவி) ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். பத்தாயிரம் ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். அந்தப் பணத்தை அதில் போடுவது சரியா? ஒரே ஹெட்போனில் பாடல் ஒரு மாதிரியாகவும் விளையாட்டு வேறு மாதிரியாகவும் கேட்பதற்குக் காரணம் என்ன?

நொடிக்கணக்கு எழுதியது:

வணக்கம் நண்பரே. இரைச்சலையும் ஒலியளவையும் பிறர் விளக்குவார்கள். நான் தாமதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் கையடக்கக் கருவியில் விளையாடுபவர்களின் மகிழ்ச்சியைச் சத்தமில்லாமல் கெடுப்பது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ப்ளூடூத்தில் ஒலி நேராகக் காதுக்கு வருவதில்லை. டெக் அதைச் சிறு துண்டுகளாகச் சுருக்க வேண்டும், வானலையில் அனுப்ப வேண்டும், இயர்பட் அவற்றை வாங்கிச் சேமித்து, தொடர்பு சற்றே அறுந்தாலும் பாட்டு நின்றுவிடாதபடி கொஞ்சம் இருப்பு வைத்துக்கொண்டு, பிறகு விரித்து ஒலிக்க வேண்டும். எஸ்பிசி என்ற பொது முறையில் இவை அனைத்தும் சேர்ந்து 150 முதல் 200 மில்லிவினாடி வரை எடுத்துக்கொள்வது வழக்கம். உங்கள் ஓலெட் திரை வினாடிக்கு 90 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு சட்டகத்துக்கு, அதாவது திரையில் ஒருமுறை தோன்றும் படத்துக்கு, 11 மில்லிவினாடி. அப்படியானால் 200 மில்லிவினாடி என்பது 18 சட்டகங்கள். நீங்கள் கண்ட வாள்வீச்சு அதற்குள் முடிந்துவிடும்.

படம் பார்க்கும்போது இது தெரியாததற்கும் காரணம் உண்டு. ஒலி எவ்வளவு தாமதிக்கிறது என்பதை அறிந்துகொண்டு, காணொளி இயக்கி படத்தையும் அதே அளவு பிடித்து வைத்துக் காட்டுகிறது. நீங்கள் எப்போது பொத்தானை அழுத்துவீர்கள் என்று விளையாட்டுக்குத் தெரியாதே; அது எதைப் பிடித்து வைக்கும்? தாளத்துக்கேற்ப அழுத்த வேண்டிய விளையாட்டுகளில் இது ஆட்டத்தையே ஆட முடியாததாக்கிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ப்ளூடூத் இயர்பட்ஸின் மைக்கை இயக்கி நண்பர்களுடன் பேசத் தொடங்கினால், இணைப்பு அழைப்புக்கான முறைக்கு மாறி, ஸ்டீரியோ ஒலி போய்த் தொலைபேசிக் குரல் போன்ற ஒற்றை ஒலி வந்துவிடும். நிண்டெண்டோ ஸ்விட்ச் 2017இல் வந்தபோது அதில் ப்ளூடூத் ஒலியே கிடையாது. 2021 செப்டம்பரில் வந்த 13.0.0 புதுப்பிப்பில்தான் அது சேர்க்கப்பட்டது. அப்போதும் மைக் வேலை செய்யாது, கம்பியில்லாக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இரண்டுக்கு மேல் இணையாது. சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டல் கருவியிலோ வழக்கமான ப்ளூடூத் ஒலி வைக்கப்படவே இல்லை, 3.5 மி.மீ. துளை இருக்கிறது.

கம்பி வேண்டவே வேண்டாம் என்றால், யூஎஸ்பி-சி துளையில் செருகும் சிறு அனுப்பியுடன் வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டைப் பாருங்கள். அதில் தாமதம் வெகுவாகக் குறையும். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே நல்ல கம்பி இயர்போன் இருக்கும்போது, ரயிலில் அதையே பயன்படுத்துவது நல்லது என்பேன்.

ஓம்விதி எழுதியது:

பாடலும் விளையாட்டும் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் திரியில் மிக நல்ல கேள்வி அதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எச்டி 650இன் மின்தடை 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் அது 103 டெசிபெல் ஒலிக்கும் என்று தயாரிப்பாளரே குறித்திருக்கிறார். கணக்குக்காகக் கருவியின் துளை உச்சத்தில் ஒரு வோல்ட் தருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வோல்ட்டை 300 ஓமில் செலுத்தினால் செலவாகும் திறன் 3.3 மில்லிவாட் மட்டுமே. அதே ஒரு வோல்ட்டுக்கு உங்கள் 16 ஓம் இயர்போன் 62 மில்லிவாட் இழுக்கும். எனவே 300 ஓம் என்றாலே பெரிய ஆம்ப் வேண்டும் என்பது பாதி உண்மைதான்; அதற்குத் தேவை வோல்ட், மின்னோட்டம் மிகக் குறைவு.

அந்த 103 டெசிபெல் என்பது பதிவின் உச்ச அளவுக்கானது. இன்றைய பாடல்கள் பல அந்த உச்சத்தை ஒட்டியே அழுத்தி முடிக்கப்படுகின்றன. அவற்றின் சராசரி உரப்பு ஏறத்தாழ -10 லஃப்ஸ் இருக்கும் (லஃப்ஸ் என்பது உரப்பை அளக்கும் அலகு; எண் பூஜ்யத்திலிருந்து கீழே போகப் போக ஒலி குறைவு). விளையாட்டுகளில் அப்படிச் செய்வதில்லை. வெடிப்புக்கும் கிசுகிசுப்புக்கும் இடையே இடைவெளி வேண்டும் என்பதால், வீட்டுக் கன்சோல் விளையாட்டுகளின் சராசரியை -24 லஃப்ஸ் அளவில் வைக்க வேண்டும் என்று சோனியின் ஒலித்தரப் பணிக்குழு பரிந்துரைத்தது. கையடக்கக் கருவிகளுக்கு அதே குழு சொன்ன அளவு -18. வெளியில், சத்தத்துக்கு நடுவே கேட்பவர்களை நினைத்து 6 டெசிபெல் கூட்டிச் சொன்னார்கள். ஸ்டீம் டெக்கில் நாம் ஓட்டுவது பெரும்பாலும் வீட்டில், மேசை முன் அமர்ந்து ஆடுவதற்காகக் கலக்கப்பட்ட கணினி விளையாட்டுகளை. கையடக்கக் கருவியில் வீட்டு ஒலிக்கலவையைக் கேட்கிறோம். உங்களுக்குக் குறைவதாகத் தோன்றும் அந்த 'ஏதோ' இங்கேதான் இருக்கிறது.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். 103இல் 24ஐக் கழித்தால் 79 டெசிபெல். பாடலுக்கு 103இல் 10 போக 93. நடுவில் 14 டெசிபெல் வித்தியாசம். அமைதியான அறையில் 79 டெசிபெல் சராசரி போதுமானது. கைக்குழந்தை உறங்கும் வீட்டில் அது அதிகமாகக்கூடத் தோன்றும். இன்னும் வேண்டுமென்றால், 2 வோல்ட் தரும் சிறு டாங்கிள் (யூஎஸ்பி-சி துளையில் செருகும் குட்டி டிஏசி) 6 டெசிபெல் கூட்டும், 4.4 மி.மீ. துளையில் 4 வோல்ட் தருபவை 12 டெசிபெல் கூட்டும். அதற்கு மேல் எச்டி 650க்கு எதுவும் தேவையில்லை.

தனி டிஏசியால் உங்களுக்கு அதிகப் பயன் கிடைக்கப்போவது எச்டி 650இல் இல்லை, அந்த எளிய 16 ஓம் இயர்போனில்தான். கருவியின் உள்ளிருக்கும் ஆம்பில் எப்போதும் ஓர் அடிமட்ட இரைச்சல் உண்டு. மந்தமான ஹெட்போனில் அது காதுக்கு எட்டாது. சிறு மின்துடிப்புக்கே பதில் சொல்லும் இயர்போனில் எட்டிவிடும். இரைச்சல் குறைந்த, வெளியீட்டு மின்தடை ஓர் ஓமை ஒட்டியுள்ள சிறிய டாங்கிள் ஒன்று போதும். ஆப்பிள் விற்கும் யூஎஸ்பி-சி டாங்கிள் விலை மலிவு, இந்த வேலையை நன்றாகவே செய்யும். இடையில் மின்தடையைச் சேர்த்து இரைச்சலை அடக்கும் சிறு இணைப்பிகளை வாங்கிவிடாதீர்கள். பல டிரைவர் (ஒலி எழுப்பும் சிறு பகுதி) கொண்ட இயர்போன்களில் அவை இரைச்சலோடு சேர்த்து ஒலியின் நிறத்தையும் மாற்றிவிடும்.

டிஏசி பெட்டியில் அச்சிட்டிருக்கும் 384 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்களை (வினாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற கணக்கை) பொருட்படுத்த வேண்டாம். விளையாட்டு ஒலி பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில்தான் வருகிறது.

பழங்கருவி எழுதியது:

தம்பி, மேலே இருவரும் எண்களோடு எழுதிவிட்டார்கள். 1989இல் வந்த நிண்டெண்டோவின் முதல் கேம்பாயிலிருந்து இந்தக் கருவிகளைச் சேர்த்து வருகிறவன் என்ற முறையில் நானும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் கேம்பாயில் இருப்பது ஒரே ஒரு சிறு ஒலிபெருக்கி. ஆனால் கீழே இருந்த துளையில் ஹெட்போனைச் செருகினால் ஸ்டீரியோ ஒலி வரும். நான்கு ஒலித்தடங்களில் ஒவ்வொன்றையும் இடப்பக்கம், வலப்பக்கம் அல்லது இரண்டிலும் என்று பிரித்துவிட அந்தச் சில்லில் வசதி இருந்தது. ஒலிபெருக்கியில் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவர் முதல்முறையாக அதைக் காதில் மாட்டிக் கேட்கும்போது, மெல்லிசை ஒரு காதிலும் தாளம் மறு காதிலும் பிரிந்து நிற்பதைக் கேட்டுத் திகைத்துப்போவார். கையடக்க விளையாட்டும் ஹெட்போனும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகப் பிறந்தவை என்று நான் சொல்வது இதனால்தான். 2003இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியில் ஹெட்போன் துளையை எடுத்துவிட்டு, மின்னேற்றும் துளையில் தனி இணைப்பியைச் செருகச் சொன்னார்கள். இணைப்பி மாட்டியிருந்தால் மின்னேற்ற முடியாது என்ற தொல்லை அன்றே வந்துவிட்டது. இன்று ஸ்டீம் டெக்கில் டாங்கிள் மாட்டினாலும் அதே கதைதான். அதில் இருப்பது ஒரே யூஎஸ்பி-சி துளை. லெனோவோ லீஜியன் கோ, ஆசுஸ் ஆர்ஓஜி ஆலி எக்ஸ், நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 ஆகியவற்றில் இரண்டு துளைகள் இருப்பதன் அருமை டாங்கிள் வாங்கிய பிறகுதான் புரியும்.

எச்டி 650ஐ ரயிலுக்குக் கொண்டு போகாதீர்கள். அது திறந்த வகை. தண்டவாளச் சத்தம் முழுவதும் உள்ளே வரும், உங்கள் விளையாட்டுச் சத்தம் முழுவதும் பக்கத்து இருக்கைக்குப் போகும். ரயிலில் ஆம்பைவிட முக்கியமானது இயர்போனின் முனையிலுள்ள ரப்பர். பெட்டியுடன் வந்த மூன்று அளவுகளில் நடுவிலுள்ளதை மாட்டிக்கொண்டு அதோடு விட்டுவிடுகிறோம். இரண்டு காதுத் துளைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு இடக்காதுக்குச் சிறியது, வலக்காதுக்கு நடு அளவு. சரியாகப் பொருந்தினால் ரயில் சத்தம் தூரத்தில் போய்விடும், ஒலியளவைத் தானாகவே குறைத்துவிடுவீர்கள்.

அதைக் குறைப்பது அவசியம் தம்பி. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83 டெசிபெலில் 20 மணி நேரம், 86இல் 10 மணி நேரம்தான். நீங்கள் ரயிலிலும் வீட்டிலும் கேட்பதைக் கூட்டினால் வாரத்துக்கு 15 மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

புறநகர்ப்பயணி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களைப் படித்த பிறகு ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் பணம் செலவில்லாத வேலையைச் செய்தேன். பழங்கருவி ஐயா சொன்னபடி ரப்பர் முனைகளை ஒவ்வொன்றாக மாற்றி, ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டி வேகமெடுக்கும் இடத்தில் காதில் வைத்துப் பார்த்தேன். பெரிய அளவு பொருந்திய நொடியில், சக்கரங்களின் தடதடப்பு ஒரு கதவுக்குப் பின்னால் போனது போல இருந்தது. முன்பு ஒலியளவுக் கோட்டை முக்கால் பங்குக்கு ஏற்றி வைத்திருந்தேன். இப்போது பாதிக்கும் கீழே வைத்தே பாத்திரங்களின் முணுமுணுப்பு வரை கேட்கிறது.

அதன் பிறகு சக ஊழியரிடம் ஒரு சிறு டாங்கிளைக் கடன் வாங்கி மாட்டினேன். நள்ளிரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, விளையாட்டின் தொடக்கத் திரையை ஒலியில்லாமல் வைத்துக் கேட்டேன். அந்த 'ஸ்ஸ்ஸ்' அறவே இல்லை. எச்டி 650ஐ அதில் மாட்டியபோது வேறுபாடு ஒலியளவில் மட்டும்தான் தெரிந்தது. அதுவும் வீட்டில் எனக்குத் தேவைப்படவில்லை. குறைவாகக் கேட்டதற்குக் காரணம் கலவைதான் என்று தெரிந்த பிறகு, முழு ஒலியளவில் வைப்பதைப் பற்றிய சஞ்சலமும் போய்விட்டது.

ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியிருக்கிறது. டெக்கில் ஹெட்போன் துளையும் யூஎஸ்பி-சி துளையும் மேல்விளிம்பில் இருக்கின்றன. டாங்கிள் நட்டுக்கொண்டு நிற்கிறது, கம்பி வெப்பக்காற்று வெளியேறும் இடத்தின் மீது விழுகிறது. நெரிசலில் யாருடைய பையாவது அதில் தட்டினால் துளையே பெயர்ந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

ஓம்விதி எழுதியது:

கெட்டியான உடலோடு நேராக நிற்கும் டாங்கிளைத் தவிர்த்து, துளைக்கும் டாங்கிளுக்கும் நடுவில் நான்கைந்து விரற்கடை நீளமுள்ள மென்மையான கம்பி கொண்டதை வாங்குங்கள். தட்டினால் கம்பி வளையும். துளை மீது நெம்புவிசை விழாது. அந்தக் கம்பியை இடப்பக்கமாக மடித்து, டெக்கின் பின்புறத்தில் ஒட்டிய சிறு வெல்க்ரோ பட்டையில் டாங்கிளைப் பதித்துவிட்டால் காற்று வெளியேறும் இடமும் மறையாது. ரயிலில் மட்டும் டாங்கிளைக் கழற்றி வைத்துவிட்டு, எல் வடிவ முனையுள்ள இயர்போன் கம்பியை 3.5 மி.மீ. துளையில் நேராகச் செருகிக்கொள்வதும் நல்ல வழிதான். ஓடும் ரயிலில் அந்த மெல்லிய இரைச்சல் யார் காதுக்கும் எட்டப்போவதில்லை. டாங்கிள் வீட்டு மேசையிலேயே இருக்கட்டும்.

புறநகர்ப்பயணி எழுதியது:

அப்படியே செய்கிறேன். பத்தாயிரத்தில் ஆயிரம் சொச்சம் டாங்கிளுக்குப் போகும். மீதியில் எச்டி 650இன் தேய்ந்துபோன காதுமெத்தைகளை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். மாமா தந்தபோதே அவை தட்டையாகியிருந்தன.