போலர் ட்ரெய்லரில் கன்வெர்ட்டர் பெட்டியை எப்படி மறைப்பது?

வணக்கம். ஒன்டாரியோவில் இருக்கிறேன். என்னுடையது 13 அடி போலர் (Boler) ட்ரெய்லர், அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும், உள்ளே தங்கும் வசதியுள்ள சின்ன வண்டி. 1974 மாடல், ஃபைபர்கிளாஸ் உடல். முன்பு வைத்திருந்தவர் கன்வெர்ட்டரை (120 வோல்ட் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றி, பேட்டரியையும் சார்ஜ் செய்யும் கருவி) பெஞ்சின் முகப்பில் பொருத்திவிட்டார். 120 வோல்ட் பிரேக்கர், 12 வோல்ட் ஃபியூஸ் எல்லாம் அந்த ஒரே பெட்டியில். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கறுப்பு மூடிதான். மரவேலை எல்லாம் அவ்வளவு ஆசையாகச் செய்து வைத்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு துணித் திரை போட்டேன். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் சூட்டுக்காற்று துணியில் முட்டி, உள்ளே ஃபேன் நிற்காமல் ஓடியது. ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டேன். அப்புறம் பிளைவுட் பெட்டி, அதிலும் அதே கதை. மூடியின் மேல் ஒட்டிய வினைல் ஸ்டிக்கர், காற்றுத் துளைகளின் ஓரத்தில் மூன்று வாரத்தில் சுருண்டு எழுந்துவிட்டது.

சுவரில் ஓடும் வயர்களுக்கு பிளாஸ்டிக் கேசிங் ஒட்டிப் பார்த்தேன். உள்சுவரில் இருப்பது மெத்தென்ற ஃபோம். டேப்பை இழுத்தால் அதன் மேல்தோலும் சேர்ந்து உரிகிறது. ஸ்க்ரூ போட்டால் வெளிப்பக்கம் துளைத்து மழைநீர் இறங்கும், அதனால் அது வேண்டாம்.

இப்போது யோசிப்பது பிரம்புப் பின்னல் வைத்த சின்னக் கதவு. காற்று தடைபடக் கூடாது, அவசரத்துக்கு பிரேக்கரும் உடனே கைக்கு எட்ட வேண்டும். இப்படிக் கதவு போட்டவர்கள், மூடிக்கும் பின்னலுக்கும் இடையில் எத்தனை அங்குலம் விட்டீர்கள்?