ஐப்பசி மழையில் கூட்டெரு வாளி நாறுகிறது, எறியத்தான் வேண்டுமா?

மூன்றாம் மாடி மல்லிகை:
வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறேன். 2017 சித்திரைப் புத்தாண்டன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகள் மேல் சரிந்ததிலிருந்து, எங்கள் வீட்டுக் கழிவாவது வெளியே போகக்கூடாது என்று நினைத்திருந்தேன். இந்த ஆடியில்தான் தொடங்கினேன். பல்கணியில் 20 லீற்றர் பெயின்ற் வாளிகள் இரண்டு. புரட்டாதி வரை மண்வாசனை. ஐப்பசியில் பின்னேர மழை பிடித்ததும் அழுகிய முட்டை நாற்றம், அடியில் கறுப்புத் தண்ணீர், தடித்த புழுக்கள். போடுவது மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, பால் பிழிந்த தேங்காய்ப்பூ, முட்டைக்கோது மட்டுமே. பக்கத்து வீட்டு அக்கா கதவை அடைத்துவிட்டார். அம்மா எறியச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை.

தெஹிவளைத் தோட்டம்:
எறியாதீர்கள் தங்கச்சி. தண்ணீர் புகுந்து காற்று வெளியேறிவிட்டது, அதுதான் நாற்றம். தேங்காய்ப்பூவும் ஒரு காரணம். ஈரத்தோடு கட்டியாக அமுங்கிவிடும். ஒரு நாளைக்கு அதில் ஒரு பிடிக்கு மேல் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கிளறுங்கள். வாளியின் அடியிலும் பக்கத்திலும் துளையிட்டு, இரண்டு செங்கல் மேல் வையுங்கள். செடிக்கடையில் கட்டியாக விற்கும் தும்புத்தூளை ஊறவைக்காமல் உடைத்து, ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு கலவுங்கள். கையில் பிழிந்தால் ஓரிரு துளிதான் வர வேண்டும். மூடி அவசியம். வாளிக்குக் கீழே வைக்கும் தட்டில் தேங்கும் நீரைத் தினமும் ஊற்றிவிடுங்கள், டெங்கு நுளம்பு அதில் முட்டையிடும். புழுக்களைக் கொல்ல வேண்டாம், அவையும் கழிவைத் தின்று தீர்ப்பவைதான்.

டொராண்டோ அண்ணா:
இங்கே தை மாதத்தில் என் பெட்டி கல்லாக உறைந்துவிடும். நுண்ணுயிர்கள் அடங்கிக் கிடந்து, பனி உருகியதும் மறுபடி வேலையைத் தொடங்கும். உருகும்போது உங்களுக்கு வந்த அதே நாற்றம் எனக்கும் வந்தது. இப்போது இலையுதிர்காலத்திலேயே ஐந்து பை மேப்பிள் சருகு சேர்த்து, கழிவு போடும்போதெல்லாம் மேலே ஒரு படை பரப்புகிறேன். நீங்களும் ஆடி, ஆவணி வெயிலில் சருகு சேர்த்து வையுங்கள்.

மூன்றாம் மாடி மல்லிகை:
பத்து நாள் ஆயிற்று. தும்புத்தூள் இரண்டு கட்டி முடிந்தது. நாற்றம் போய்விட்டது, நடுவில் கை வைத்தால் இளஞ்சூடு தெரிகிறது. அம்மா இன்று பலாக்காய்த் தோலைத் தானே சிறிதாக நறுக்கிப் போட்டார். பக்கத்து அக்கா தன் கறிவேப்பிலைச் சாடிக்கு எரு கேட்டிருக்கிறார். தையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.