வேட்டைக்கு சின்ன பைனாகுலர், கம்மி விலையில எது எடுக்கலாம்?

காட்டுவழி:
வணக்கம், வேட்டைக்கு போறப்ப கழுத்துல மாட்டிக்க சின்னதா ஒரு பைனாகுலர் வேணும், ரொம்ப செலவு பண்ண முடியாது. 10×25 ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், பாக்கெட்லயே அடங்கிடும். ஆனா நான் மறைவுல உக்கார்றது பெரும்பாலும் விடியக்காலையும் பொழுது சாயுற நேரமும்தான், அந்த வெளிச்சத்துக்கு இது போதுமா? கண்ணாடி வேற போடுறவன்.

ஒத்தையடி:
10×25 வேணாங்க. 10ங்கறது எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கறது, 25ங்கறது முன்பக்க லென்ஸோட அகலம் மி.மீ.ல. 25ஐ 10ஆல வகுத்தா 2.5, அதாவது கண்ணுக்கு வந்து சேர்ற ஒளிவட்டம் 2.5 மி.மீ. தான். பட்டப்பகல்ல நம்ம கண்மணியும் அவ்ளோதான் விரிஞ்சிருக்கும்ங்கறதால குறை தெரியாது, ஆனா மசங்கற நேரத்துல கண்மணி 5, 6 மி.மீ. வரை விரியும், அப்ப 2.5 எந்த மூலைக்கு? நானும் அதே சைஸ் வச்சிருந்தேன். ஒரு சாயங்காலம் புதர் ஓரமா மான் நிக்குது, பைனாகுலர்ல பாத்தா கருந்திட்டு மாதிரி இருக்கு, கொம்பு இருக்கா இல்லையான்னு கடைசி வரைக்கும் பிடிபடல, சுடாமயே எந்திரிச்சு வந்துட்டேன். 8×32 பாருங்க, 4 மி.மீ. கிடைக்கும், எடை அரை கிலோ பக்கம் வரும், பாக்கெட்ல போகாது, நெஞ்சுப் பட்டைல மாட்டிக்கலாம்.

மலைச்சாரல்:
மேல சொன்னது ரொம்ப சரி. 10 மடங்குல கை நடுக்கமும் 10 மடங்கா தெரியும், மேல ஏறி வந்து மூச்சு வாங்கறப்ப பாத்தீங்கன்னா புரியும். கண்ணாடி போடுறதால ஐ ரிலீஃப் (முழுக் காட்சியும் தெரிய கண்ணு லென்ஸ்லேர்ந்து எவ்ளோ தள்ளி இருக்கலாம்ங்கற தூரம்) 15 மி.மீ.க்கு குறையாம பாத்துக்கோங்க, இல்லன்னா காட்சியோட ஓரம் வெட்டுப்படும். கம்மி விலைன்னா போரோ பிரிசம் (குழாய் நேரா இல்லாம படி மாதிரி வளைஞ்ச வகை) நல்ல சாய்ஸ், கொஞ்சம் பருமனா இருக்கும், ஆனா அதே காசுக்கு ரூஃப் பிரிசத்த (குழாய் நேரா இருக்குற வகை) விட படம் தெளிவா வரும். லென்ஸ் செக்கச்செவேல்னு மின்னுறதையும் ஜூம் உள்ளதையும் தொடவே தொடாதீங்க. இன்னொண்ணு, பைனாகுலர் சரியில்லன்னு துப்பாக்கி ஸ்கோப்ப வச்சு தேடிப் பாக்காதீங்க, அந்தப் பக்கம் ஆள் நின்னா குழல் அவர் மேலதான் இருக்கும்.

காட்டுவழி:
ரொம்ப நன்றி, அப்ப 8×32 தான். கடையில கையில வாங்கினதும் எதை செக் பண்ணணும்?

ஒத்தையடி:
கைய நீட்டிப் பிடிச்சு வெளிச்சமான சுவர் பக்கம் காட்டுங்க, கண் வைக்கிற லென்ஸ்ல தெரியுற ஒளிவட்டம் முழு வட்டமா இருக்கணும், ஓரம் வெட்டின மாதிரி சதுரமா மங்கலா இருந்தா உள்ள மட்டமான பிரிசம். அப்புறம் தூரத்துல ஒரு கம்பத்த ரெண்டு நிமிஷம் விடாம பாருங்க, ரெண்டா தெரிஞ்சாலோ கண்ணு இழுத்தாலோ குழாய் ரெண்டும் நேரா இல்லன்னு அர்த்தம், அத திருப்பிக் குடுத்துட்டு வேற பீஸ் கேளுங்க. நைட்ரஜன் அடைச்சதுன்னு போட்டிருந்தா நல்லது, பனியில உள்பக்கம் ஆவி பிடிக்காது.