பொது மருத்துவமனையில் மனநல மருத்துவர் வேலை: சேரலாமா?

கேட்டவர்: ராணிப்பேட்டை இளம் டாக்டர்

எம்.டி. சைக்கியாட்ரி முடித்து ஒரு வருடம் ஆகிறது. வேலூர் பக்கம் ஒரு பொது மருத்துவமனையில் கன்சல்டன்ட் வேலை கிடைத்திருக்கிறது. மனநலத்துக்குத் தனி வார்டு கிடையாது. மற்ற வார்டுகளில் கூப்பிட்டால் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ‘எல்லா டெஸ்டும் நார்மல், சைக்கியாட்ரிக்கு அனுப்பு’ என்று தள்ளிவிடுகிற கேஸ்தான் வரும், படித்ததெல்லாம் மறந்துபோகும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: காட்பாடி டாக்டரம்மா

தம்பி, 14 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். தள்ளிவிடும் கேஸும் வரும். ஆனால் மனநோய் என்று எழுதிக் கூப்பிட்டு, போய்ப் பார்த்தால் உடம்பு நோயாக இருப்பது எத்தனையோ.

ஒரு அக்னி நட்சத்திர சமயம், மெடிசின் வார்டில் எழுபது வயதுப் பாட்டி. ராத்திரி முழுக்க, செத்துப்போன அண்ணனோடு பேசுகிறார், சலைன் ஊசியைப் பிடுங்குகிறார். ‘பழைய மனநோயா?’ என்று ரெஃபரல். நான் போனபோது பகல், அரைத் தூக்கத்தில் கிடந்தார். தமிழ் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். பங்குனி, மாசி... அதோடு என் வளையலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். மருமகளின் மஞ்சள் பையில் இருந்த மாத்திரைகளைக் கட்டில்மேல் கொட்டிப் பார்த்தோம். பிரஷருக்கென்று நீர் பிரிய வைக்கும் மாத்திரை புதிதாகச் சேர்ந்திருந்தது. அதனால் ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு ஆபத்தான அளவுக்கு, 116க்கு, இறங்கியிருந்தது! மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் மூளைக்கே ஆபத்து. நாலாம் நாள் பாட்டி என்னிடம், ‘நீ யாரும்மா, புதுசா இருக்கே?’ என்றார். ஊரில் ஜன்னி என்பார்களே, அந்த டெலிரியம்தான், உடம்பு நோயால் திடீரென்று வரும் மனக்குழப்பம். மருமகள் மந்திரிக்க நாள் குறித்து வைத்திருந்தார்.

எலும்பு வார்டில் ஆபரேஷன் முடிந்த இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, பூச்சி ஊர்கிறது என்கிறாரா? கேஸ் ஷீட்டில் ‘பழக்கம் இல்லை’ என்றிருந்தாலும் மனைவியைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். குடி நின்றால் அப்படி வரும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போக வேண்டும்.

என்னைத் தூங்கவிடாதது எலிமருந்து பேஸ்ட்தான். சாக நினைத்து அதை விழுங்கிய பிள்ளைகள் முதல் இரண்டு நாள் நன்றாகப் பேசுவார்கள், வீட்டுக்கு விடச் சொல்வார்கள். கல்லீரல் அதற்கப்புறம்தான் விழும். பெற்றவர்கள் போலீஸுக்குப் பயந்து ‘வயிற்று வலி’ என்றே சொல்வார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவை அவர்களுக்குச் சொல்லுங்கள்: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. அந்தப் பயம் போனால்தான் வாய் திறப்பார்கள். வீட்டுக்குப் போகும்போது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐ நானே அவர்கள் போனில் பதிந்து கொடுக்கிறேன்.

பாகாயத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெறலாம். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே வர மறுப்பவர்கள்கூட நெஞ்சுவலி என்றால் பொது மருத்துவமனைக்கு வந்துவிடுவார்கள். அவர்களை நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள். சேருங்கள்.

பதில்: வார்டு சிஸ்டர், ஆற்காடு

டாக்டர், ராத்திரி நடந்தது காலை ரவுண்ட்ஸ் டாக்டருக்குத் தெரியாது. நைட் டியூட்டி சிஸ்டர் கிளம்புவதற்குள் வந்து கேளுங்கள். தூக்க ஊசி எழுதும் முன் பெரியவர்களுக்குக் கண்ணாடி, காது மெஷின் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டாய்லெட் போக ஆளில்லாமல் எழுந்து கத்துபவரையும் ‘மென்டல்’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறாது.

கேட்டவர்

நன்றி மேடம், நன்றி சிஸ்டர். ஒரு சந்தேகம். எனக்கு உருது தெரியாது. பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வரும் பெண்களிடம் கணவர் கேட்டுச் சொன்னால் போதுமா?

பதில்: காட்பாடி டாக்டரம்மா

போதாது தம்பி. பிரசவமாகி இரண்டு வாரமான ஒரு பெண். ‘தூக்கம் இல்லையாம்’ என்று மட்டும் கணவர் சொன்னார். அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, உருது பேசும் லேப் அக்காவைக் கூட்டிவந்தேன். அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையோடு தனியாக இருக்கவே பயமாக இருக்கிறது என்றாள். அன்றே மருந்து ஆரம்பித்தோம், மாமியார் ராத்திரியில் கூடப் படுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

அப்புறம் அந்த அக்காவிடம் உட்கார்ந்து, கேட்க வேண்டிய கேள்விகளை உருதுவில் கேட்டு, தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிவைத்தேன். தெலுங்குக்கும் ஒன்று இருக்கிறது, சித்தூர்க்காரர்கள் நிறைய வருவார்கள். இரண்டையும் அனுப்புகிறேன்.